முன்கதைச் சுருக்கம்

முன்கதைச் சுருக்கம் என்பது இதழ்களில் வரும் தொடர்கதையின் அத்தியாயத்துக்கு முன்னால், அதுவரை நடந்ததைச் சில வரிகளில் சொல்லும் குறிப்பு. பெரும்பாலும் பொடி எழுத்தில், கட்டம் கட்டி அச்சாகும். நடுவில் வந்து சேர்ந்த வாசகருக்கும் இதழைத் தவறவிட்டவருக்கும் ஏற்பட்டது இது. தவறவிடுவதற்கா பஞ்சம்? இரவல் போன இதழ் திரும்பாது. சலூனில் கிடப்பது மூன்று வாரம் பழசாக இருக்கும். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். போர்ட் பிளேரையும் தாண்டி வண்டூரில் இருப்பவர் விட்டுப்போன ஒரு வாரத்து இதழை எங்கே தேடுவார்?

சுருக்கத்தில் பெயரும் உறவுமுறையும் அடங்கும். யாருக்காக நாம் கவலைப்பட வேண்டும் என்பது அடங்காது. தொடர் நூறு வாரத்தைத் தாண்டினால் கட்டம் வீங்கும், இல்லையென்றால் முக்கால்வாசிக் கதை விடுபடும். அதனால் கைதேர்ந்தவர்கள் கதைக்குள்ளேயே வாசல் வைத்தார்கள்.

‘கல்கி’ வார இதழில் 1950 முதல் 1954 வரை, மூன்றரை ஆண்டுக்கு மேல் வந்த ‘பொன்னியின் செல்வன்’ இதற்கு நல்ல சான்று. கதையைச் சுமந்து செல்லும் வந்தியத்தேவன் சோழ நாட்டுக்குப் புதியவன். பழுவேட்டரையர் யார், அரண்மனையில் யாருக்கு யார் பகை என்பதை அவனுக்கு யாராவது சொல்லியாக வேண்டும். வாசகரும் கூடவே கேட்டுக்கொள்கிறார். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் தான் ஒட்டுக்கேட்ட சதியை, பிறகு அவனே இளவரசி குந்தவையிடம் விவரிக்கிறான். புது வாசகருக்கு அங்கே சதி தெரிந்துவிடுகிறது. பழைய வாசகருக்குச் சதி தெரிந்ததுதான். குந்தவையின் முகம் எப்படி மாறுகிறது என்பதே அவருக்குப் புதிது. இரண்டாம் பாகமான ‘சுழற்காற்று’ தஞ்சையை விட்டுக் கோடிக்கரையில், பூங்குழலி என்ற புதிய பெண்ணோடு தொடங்குகிறது. அந்த வாரம் முதன்முதலாகப் பிரித்தவரும் சட்டென்று படகில் ஏறிக்கொள்ளலாம். புத்தகமாக ஒரே மூச்சில் படிப்பவர்கள் கூறியது கூறல் என்று சலித்துக்கொள்வது இந்த இடங்களைத்தான். வாரக்கணக்கில் காத்திருந்து படித்தவர்களுக்கு அது குறையாகப் பட்டிருக்காது.

இந்த உத்தி அச்சுக்கு முந்தியது. திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து பல இரவுகள் நடக்கும். ஒவ்வொரு வேடமும் வந்ததும் கட்டியக்காரன் யார் எவரென்று கேட்பான். நேற்று வராதவருக்கும் ஆள் விளங்கிவிடும். எழுத்தாளர் ஜெயமோகன் வேறு வழியில் போனார். 2014 முதல் 2020 வரை நாள்தோறும் வெளிவந்த ‘வெண்முரசு’ 26 தனித்தனி நாவல்களாகப் பிரிந்திருக்கிறது. தொலைக்காட்சித் தொடர்கள் முந்தைய காட்சிகளை வெட்டி ஒட்டுவதோடு சரி.

தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைப்பது தமிழ் வீடுகளில் வெகுகாலம் இருந்த வழக்கம். அந்தத் தொகுப்புகளில் எண்ணெய், சோப்பு விளம்பரங்களோடு சுருக்கக் கட்டங்களும் ஒட்டிக்கொண்டிருக்கும். அரை நிமிடத்துக்கு முன் முந்தைய பக்கத்தில் நாமே படித்ததை, ஒரு வாரத்துக்கு முன் நடந்ததாக அவை நினைவூட்டும்.