நிலமும் பொழுதும்: மண்ணின் வெப்பத்தை அளந்த வரலாறு

தொல்காப்பியம் முதற்பொருளாக வகுப்பவை இரண்டு: நிலமும் பொழுதும். அகத்திணை வகுப்பில் நாம் ஆண்டுதோறும் சொல்லிவரும் இச்செய்தி, ஒரு பொறியியல் சோதனையைப் பற்றிப் படிக்கையில் நினைவுக்கு வந்தது. நிலவெப்பத் துலங்கல் சோதனை என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். நிலத்துக்குள் வெப்பத்தைச் செலுத்தி, பொழுது செல்லச் செல்ல நிலம் அதனை எவ்வாறு கடத்துகிறது என்று அளப்பதே அச்சோதனை. மண்ணின் வெப்பத்தை அளக்கும் கலையின் வரலாற்றில், நம் கம்பம் பள்ளத்தாக்கின் மலைக்கு அப்பால் நிகழ்ந்த ஒரு முயற்சிக்கும் இடமுண்டு.

குமுளி வழியே மலையேறிக் கடந்தால் பழைய திருவிதாங்கூர். சுவாதித் திருநாள் காலத்தில், 1837இல், திருவனந்தபுரத்தில் வானாய்வகம் ஒன்று நிறுவப்பட்டது. அதன் முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட். விண்ணை நோக்க அமர்த்தப்பட்ட அவர் மண்ணையும் நோக்கினார். 1842 மே முதல் 1845 டிசம்பர் வரை, வெவ்வேறு ஆழங்களில் வெப்பமானிகளைப் புதைத்து நிலத்தின் வெப்பநிலையைக் குறித்துவந்தார். வெப்பமண்டலத்தில் ஓரடி ஆழத்திலேயே வெப்பநிலை ஆண்டு முழுவதும் மாறாதிருக்கும் என்பது பிரெஞ்சு அறிஞர் பூசாங்கோவின் கருத்து. திருவனந்தபுரத்துப் பதிவுகள் அதற்கு உடன்படவில்லை. அப்பதிவுகள் எடின்பரோ அரச கழகத்தின் ஆய்விதழில் அச்சேறின.

அதே எடின்பரோவில் ஃபோர்ப்ஸ் என்னும் பேராசிரியரும் பாறையிலும் மணலிலும் வெப்பமானிகளைப் புதைத்திருந்தார். கோடையின் வெம்மை கீழே இறங்க இறங்க எவ்வளவு தேய்கிறது, எவ்வளவு பிந்துகிறது என்பதைக்கொண்டு பாறையின் வெப்பக் கடத்துதிறனைக் கணக்கிட்டார் வில்லியம் தாம்சன். பின்னாளில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்றவர் இவரே. ஆனால் அம்முறைக்கு ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பைக் குறைத்தவர் சுவீடன் நாட்டு மோகென்சன். நிலத்திலிருந்து வெப்பத்தை நாமே சீராக ஈர்த்து அளக்கலாம் என்று 1983இல் அவர் முன்மொழிந்தார். 1990களின் நடுப்பகுதியில் சுவீடனிலும் அமெரிக்காவின் ஓக்லஹாமாவிலும் இதற்கென வண்டியில் ஏற்றிச் செல்லத்தக்க கருவிகள் உருவாயின.

செய்முறை எளிது. ஆழ்துளையில் வளைகுழாய் ஒன்றை இறக்கி, சூடேற்றிய நீரை ஏறத்தாழ இரண்டு நாட்கள் இடைவிடாது சுற்றவிட வேண்டும். உட்செல்லும் நீர், வெளிவரும் நீர் இரண்டின் சராசரி வெப்பநிலையைக் காலத்தின் இயல் மடக்கைக்கு எதிராக வரைந்தால், தொடக்க மணிநேரங்களுக்குப் பின் ஒரு நேர்கோடு கிடைக்கும். அதன் சாய்வே விடை. 100 மீட்டர் துளையில் 5,000 வாட் செலுத்துவதாகக் கொள்வோம். மீட்டருக்கு 50 வாட். பத்தாம் மணிக்கும் ஐம்பதாம் மணிக்கும் இடையே வெப்பநிலை 2.56 பாகை உயர்ந்தால், நிலத்தின் கடத்துதிறன் மீட்டருக்கு, பாகைக்கு 2.5 வாட். பள்ளிப் பிள்ளையும் போடத்தக்க கணக்கு.

எனினும் நிலம் எப்போதும் நேர்கோடாய் விடை சொல்வதில்லை. நிலத்தடி நீர் ஓடினால் வெப்பத்தை அள்ளிச் சென்றுவிடும். கடத்துதிறன் மிகையாகத் தோன்றும். 1895 முதல் முல்லைப்பெரியாற்று நீர் பாயும் இப்பள்ளத்தாக்கில், பாசனக் காலத்திலும் வறண்ட காலத்திலும் ஒரே துளை இருவேறு எண்களைத் தரக்கூடும். அத்தகைய சிக்கல்களை அவிழ்க்கவே மென்பொருள் வேண்டும். மூடிய மென்பொருள் விடையை மட்டுமே தரும். திறந்த மூல மென்பொருளோ கணக்கு போட்ட வழியையும் காட்டும். மொன்றியாலைச் சேர்ந்த மாசிமோ சிமினோ வெளியிட்ட பைஜிஃபங்ஷன் என்னும் பைத்தான் நிரல் தொகுப்பு அவ்வகையது. ஆழ்துளைத் தொகுதிகளின் வெப்பத் துலங்கலைக் கணிக்கும் அதனை எவரும் இலவசமாகப் பெறலாம், படிக்கலாம், திருத்தலாம்.

இதனால் நமக்கென்ன என்று வாசகர் வினவலாம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை, பறித்தபின் நெடுநாள் தாங்காத கனி. அதற்கான குளிர்பதனக் கிடங்கின் வெப்பத்தை நிலத்துள் இறக்க இயலுமா? பத்துப் பாகை அளவிற் குளிர்ந்த ஐரோப்பிய மண்ணுக்குப் பொருந்தியது நம் வெம்மண்ணுக்குப் பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. அளந்தே அறிய வேண்டும்.

பிறிதொரு காரணமும் உண்டு. பொட்டிப்புரத்து மலையின் சார்னோக்கைட் பாறையை நாடறியச் செய்தது நியூட்ரினோ ஆய்வகத் திட்டம். 2015இல் நடுவண் அமைச்சரவை அதற்கு ஒப்புதல் அளித்தது. 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவித்தது. இதன் சரிதவறு நம் பொருளன்று. ஆனால் அந்நெடிய விவாதத்தில், இரு தரப்பார் சொன்ன எண்களையும் இவ்வூர் மக்கள் நம்பவோ மறுக்கவோ முடிந்ததேயன்றிச் சரிபார்க்க வழி அரிதாயிருந்தது.

கால்டிகாட் தம் அளவீடுகளை அச்சிட்டு உலகின் முன் வைத்தார். இன்று கணக்கிடும் வழியும் நம் முன் உள்ளது. தேனி மாவட்டக் கல்லூரிகளின் இயற்பியல் மாணவர்கள் ஒரு துளையிலேனும் இச்சோதனையைச் செய்து, எண்களையும் நிரலையும் தமிழ் விளக்கத்தோடு வெளியிட வேண்டும் என்பது எம் விருப்பம்.