வேலையே மருந்தான வரலாறு

வேலைகளின் வழியே நோயாளிகளை மீட்கும் தொழில்வழி சிகிச்சை (ஆக்குபேஷனல் தெரபி) அமைப்பு வடிவம் பெற்றது 1917 மார்ச் மாதத்தில், நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில். ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டனின் ‘கன்சோலேஷன் ஹவுஸ்’ இல்லத்தில் கூடிய ஆறு பேரில் மருத்துவர் ஒருவரே: மனநல மருத்துவர் வில்லியம் ரஷ் டண்டன். பார்ட்டனும் தாமஸ் கிட்னரும் கட்டடக் கலைஞர்கள். சூசன் காக்ஸ் ஜான்சன் கைவினை ஆசிரியை. எலினார் கிளார்க் ஸ்லேகிள் சமூகப்பணிப் பயிற்சி பெற்றவர். இசபெல் நியூட்டன் பார்ட்டனின் செயலர். நோயாளிகளுக்கான கைவேலை பற்றி 1910லேயே நூல் எழுதிய செவிலியர் சூசன் ட்ரேசியால் வர இயலவில்லை. இந்தக் கலவைதான் துறையின் பலம். இவர்கள் மருத்துவரா, ஆசிரியரா, கைவினைஞரா என்ற குழப்பமும் இதிலிருந்தே தொடங்கியது.

வேலையே மருந்து என்ற கருத்து இந்த அமைப்பைவிடப் பழையது. மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைத்த காலத்தில், இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் 1796இல் திறந்த காப்பகம் அவர்களுக்குத் தோட்டவேலையும் தையலும் தந்தது. பார்ட்டனோ தம் உடலிலேயே இதைச் சோதித்தவர். காசநோயாளி, பனிக்கடியால் இடக்கால் விரல்களை இழந்தவர், இடப்பக்கம் செயலிழந்தவர். தச்சுவேலையும் தோட்டவேலையும் செய்தே அந்தப் பக்கத்தை மீட்டார். ஸ்லேகிள் மனநலக் காப்பகங்களில் எழுவது, குளிப்பது, உண்பது, வேலை, விளையாட்டு என ஒரு நாள் முழுவதையும் ஒழுங்குபடுத்திப் பழக்கினார். கூடை முடைவது அதில் ஒரு பகுதி மட்டுமே. துறையைக் கூடை முடையும் வகுப்பாகப் பார்த்தவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

முதல் உலகப்போர் இத்துறைக்கு ஆள்பலம் தந்தது. காயமுற்ற வீரர்களுக்காக அமெரிக்க ராணுவம் பெண் உதவியாளர்களை நியமித்தது. ஒரு பிரிவினர் பிசியோதெரபிக்கு, மறு பிரிவினர் கைவேலைக்கு. இரு துறைகளுக்கும் இடையிலான எல்லைத் தகராறு அன்றே தொடங்கியது எனலாம்.

1935இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் பயிற்சிப் பள்ளிகளுக்குத் தர அளவுகோல் வகுத்தது. மதிப்பு கூடியது, தன்னாட்சி குறைந்தது. தசை, மூட்டு, கோண அளவு ஆகியவையே பேச்சாயின. தோளைத் தூக்கவைக்கத் தறியில் கப்பியும் எடையும் கட்டினார்கள். முழங்காலை மடக்கவைக்க ரம்பத்தை மிதிவண்டிப் பெடலில் பொருத்தினார்கள். நெய்த துணி யாருக்கு, எதற்கு என்பது மறந்துபோனது. இது பிழையான திருப்பம். பொருளற்ற அசைவுதான் வேண்டுமென்றால் தறி எதற்கு?

இந்தக் கேள்வியைத் தொழில்வழி சிகிச்சையாளர் மேரி ரெய்லி 1961இல் தம் சொற்பொழிவில் துறையின் முன் வைத்தார். மனிதர் மனமொன்றிக் கைகளால் செய்யும் செயலுக்குத் தம் உடல்நலத்தையே மாற்றும் ஆற்றல் உண்டு, துறை நிற்கும் அடித்தளம் அதுவே என்று வாதிட்டார். அவருடைய மாணவர் கேரி கீல்ஹாஃப்னரும் சகாக்களும் 1980இல் அதைக் கோட்பாடாக வளர்த்தனர்.

பிசியோதெரபியிலிருந்து இத்துறை வேறுபடும் இடம் ஒரு சட்டையில் தெரியும். பக்கவாதம் வந்தவருக்குப் பாதித்த கையை முதலில் சட்டைக்குள் நுழைக்கவும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்கவும் சிகிச்சையாளர் கற்றுத்தருகிறார். கை பழைய பலத்தைப் பெறாவிட்டாலும் அவர் தாமே உடுத்துகிறார். வழுக்காத தட்டு, தடித்த கைப்பிடியுள்ள கரண்டி, குளியலறைக் கைப்பிடி எல்லாம் இதே நோக்கின் விளைவுகள். நோய்க்கு அப்பால் அந்த மனிதரின் அன்றாடத்தைப் பார்ப்பதே இத்துறையின் அடையாளம்.

இந்தியாவுக்கு இத்துறையைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்த கமலா நிம்ப்கர். 1950இல் பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில் முதல் பள்ளியைத் தொடங்கினார். 1952இல் தொழில்வழி சிகிச்சையாளர்களின் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதை நிறுவிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆயினும் இத்தொழிலையும் உள்ளடக்கி நாடு முழுமைக்குமான ஒழுங்குமுறை ஆணையம் அமைக்கும் சட்டம் 2021இல்தான் நிறைவேறியது.