இரேடியம் தீட்டிய மகளிர்

நோயாளரிடம் அவர் செய்யும் தொழில் யாதென வைத்தியர் வினவுதல் வேண்டும் என்று இத்தாலிய அறிஞர் இரமசினி 1700ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார். தொழிலே நோய்க்குக் காரணமாகலாம் என்னும் உண்மை அந்நூலால் வைத்திய உலகில் வலுப்பெற்றது. ஆயினும், வினவி அறிவதோடு ஆராய்ச்சி நிறைவுறுவதில்லை. அறிந்த உண்மை யார் கையில் தங்குகின்றது என்பதும் உயிர்களைக் காக்கவோ போக்கவோ வல்லது. ஐக்கிய அமெரிக்காவில் இரேடியத்தைக் கையாண்ட பெண் தொழிலாளரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

கியூரி தம்பதிகள் 1898ஆம் ஆண்டில் கண்டுபிடித்த இரேடியம், பிணி தீர்க்கும் அரும்பொருளெனப் பல்லாண்டுகள் போற்றப்பட்டது. அதனை நாகசல்பைட்டுடன் கலந்தாற் பெறப்படும் வண்ணம் இருளில் ஒளிரும். முதலாம் உலகப் போர்க்காலத்தில், போர்வீரரின் கடிகாரங்களுக்கும் விமானக் கருவிகளுக்கும் இவ்வண்ணம் பெரிதும் வேண்டப்பட்டது. நியூ ஜேர்சி மாநிலத்து ஒறேஞ்ச் நகரில் 1917ஆம் ஆண்டளவில் இயங்கத் தொடங்கிய தொழிற்சாலையில் இளம்பெண்கள் பலர் இவ்வேலையில் அமர்ந்தனர். நுண்ணிய எண்களைத் தீட்டுவதற்காகத் தூரிகையின் நுனியை உதடுகளாற் கூராக்கும்படி அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் வண்ணத்தில் ஒரு சிறிது உட்சென்றது. அதனால் தீங்கில்லை என்றே அவர்கள் நம்பவைக்கப்பட்டனர்.

சில ஆண்டுகளில் அவர்களுட் பலருக்குப் பல்வலி தோன்றியது. பல்லைப் பிடுங்கிய இடம் ஆறவில்லை, தாடையெலும்பு அழுகியது, குருதி குன்றியது. 1922ஆம் ஆண்டில் இறந்த ஒரு பெண்ணின் மரணச் சான்றிதழில் மேகநோய் காரணமெனக் குறிக்கப்பட்டது. உயிர் நீத்தவளை இவ்வாறு பழியும் பற்றியது. தீப்பெட்டித் தொழிலாளரின் தாடையைப் பொசுபரசு அரித்ததை அறிந்திருந்தோர் அதனையே முதலில் ஐயுற்றனர். ஆனால் 1923ஆம் ஆண்டில் மாநிலத் தொழிற்றிணைக்களத்தின் பொருட்டு வண்ணத்தைச் சோதித்த இரசாயன அறிஞர், அதிற் பொசுபரசு இல்லையெனக் கண்டு, இரேடியமே காரணமாதல் கூடும் என அறிவித்தார். அவ்வறிவிப்பினால் உடனடிப் பயன் எதுவும் விளையவில்லை.

1924ஆம் ஆண்டில் நிறுவனத்தாரே ஹாவாட் பல்கலைக்கழகத்துச் சிசில் ட்றிங்கரை ஆராய்ச்சிக்கு அழைத்தனர். இருட்டறையில் தொழிலாளரின் கூந்தலும் முகமும் உள்ளாடையும் ஒளிர்வதை அவர் கண்டார். அவர்தம் குருதியிலும் மாறுதல்களைக் கண்டார். இரேடியமே தீங்கின் மூலம் என்பது அவர் அறிக்கையின் முடிவு. நிறுவனத்தாரோ அதனை வெளியிடாது மறைத்து, பெண்கள் நலமாயிருப்பதாக அவ்வறிக்கை கூறுவது போலத் தொழிற்றிணைக்களத்துக்குத் தெரிவித்தனர். அறிக்கை தம்மை அழைத்தவருக்கே உரியதெனக் கருதிய ட்றிங்கர் வாளாவிருந்தார். நுகர்வோர் கழகத்தைச் சார்ந்த கதறின் வைலியின் முயற்சியாலும், தொழில் நோய் ஆராய்ச்சியிற் புகழ்பெற்ற அலிஸ் ஹமில்ரனின் தூண்டுதலாலும் இத்திரிபு வெளிப்பட்டது. அதன் பின்னரே, 1925ஆம் ஆண்டில், நிறுவனத்தாரின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாது ட்றிங்கர் தம் ஆராய்ச்சியை அச்சிட்டார்.

அவ்வாண்டிலேயே மரண விசாரணை வைத்தியரான ஹரிசன் மாட்லண்ட் நோயின் இயல்பை நிறுவினார். இரேடியத்தின் அல்பாக் கதிர்களை ஒரு தாளும் தடுத்துவிடும். ஆயின், கல்சியத்தை ஒத்த இயல்புடைய இரேடியம் உடலினுட் புகின் எலும்பிற் படிந்து, அங்கிருந்தவாறே இடையறாது தாக்கும். உயிரோடிருந்த பெண்களின் மூச்சிற் கலந்த இரேடன் வாயுவை அளந்து மாட்லண்ட் இதனை மெய்ப்பித்தார். ஒளிவண்ணத்தை ஆக்கிய சொகொக்கியின் மூச்சிலும் அந்நஞ்சு காணப்பட்டது. அவர் 1928ஆம் ஆண்டில் இறந்தார். 1922இல் இறந்த பெண்ணின் உடல் 1927ஆம் ஆண்டில் தோண்டி எடுக்கப்பட்டபோது, அவள் எலும்புகள் இருளில் வைத்த புகைப்படத் தகட்டிலே தம் சுவட்டைப் பதித்தன. மேகநோய்க்கான அடையாளம் எதுவும் இல்லை. ஐந்தாண்டுப் பழி அன்று நீங்கியது.

நீதிமன்றத்தின் வழியும் எளிதாயிருக்கவில்லை. இரண்டாண்டுகளுள் வழக்கிடல் வேண்டுமெனச் சட்டம் விதித்தது. நோயோ வேலையை விட்டுப் பல்லாண்டுகள் சென்றபின் வெளிப்பட்டது. கிறேஸ் பிறையர் முதலான ஐவர் தொடுத்த வழக்கு 1928ஆம் ஆண்டில் இணக்கமாக முடிந்தது. ஒவ்வொருவருக்கும் 10,000 டொலரும், ஆண்டுதோறும் 600 டொலரும், வைத்தியச் செலவும் வழங்க நிறுவனம் உடன்பட்டது. குற்றத்தை மட்டும் ஒப்பவில்லை. இதே கொடுமைக்குள்ளான இலினோய் மாநிலத்து ஒட்டாவா நகரப் பெண்களுக்கு 1938ஆம் ஆண்டிலேயே நீதி கிட்டியது.

உடலிற் தங்கத்தகும் இரேடியத்தின் உச்ச அளவு 0.1 மைக்குரோகியூரி என 1941ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்டது. அவ்வரையறைக்கு ஆதாரமாய் நின்றவை இம்மகளிரின் உடல்களிற் பெற்ற அளவீடுகளே. பின்னர் அணுவாராய்ச்சியில் ஈடுபட்ட தொழிலாளர் பலரை அது காத்தது. எனினும், 1924ஆம் ஆண்டு அறிக்கை திரிபின்றித் தொழிற்றிணைக்களத்தை அடைந்திருப்பின், அந்த அளவீடுகளுக்கு உடல் தந்தோர் தொகை குறைந்திருக்கும். தொழிலாளரின் உடல்நலம் பற்றிய ஆராய்ச்சியின் முடிவை அறியும் முதலுரிமை அத்தொழிலாளருக்கே உண்டென்பது இவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.