சப்பாத்தும் பிள்ளைகளின் பாதமும்

வல்வெட்டித்துறையில் உள்ள எங்கள் பழைய வீட்டு அலுமாரியை அண்மையில் துப்புரவு செய்தபோது, மஞ்சள் பூத்த கொப்பித் தாள் ஒன்று கையில் அகப்பட்டது. பென்சிலால் வரைந்த இரு சிறு பாதங்கள் அதில் இருந்தன. ஓரத்தில் என் கையெழுத்தில் ‘1993 பங்குனி’ என்று எழுதியிருந்தது. என் அக்காவின் மகனுக்கு அப்போது ஆறு வயது. அவனது பாதத்தின் அளவு அது. இந்தத் தாளின் கதையைச் சொல்வதற்கு முன் சப்பாத்தின் கதையைச் சற்றுச் சொல்லவேண்டியிருக்கிறது.

‘சப்பாத்து’ என்ற சொல்லே நமக்குக் கடல் வழியாக வந்தது. போர்த்துக்கேய மொழியில் ‘சப்பாத்தோ’ என்றால் காலணி. 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1658 இல் ஒல்லாந்தரிடம் அதை இழந்தனர். அவர்கள் போனார்கள், அலுமாரியும் கதிரையும் மேசையும் பாணும் சப்பாத்தும் நம் வாயில் நின்றுவிட்டன. சிங்களவர் ‘சப்பத்து’ என்கின்றனர். மலாய் மொழியினர் ‘செபாத்து’ என்கின்றனர். போர்த்துக்கேயக் கப்பல்கள் தட்டிய கரைகளை இந்த ஒரு சொல்லைக் கொண்டே கணக்கெடுத்துவிடலாம்.

அதற்காக நம் முன்னோர் காலணி அறியாதவர்கள் என்று கொள்ளலாகாது. சங்க நூல்களில் வரும் ‘தொடுதோல்’ செருப்பையே குறிக்கும். ஆயினும் செருப்பு யாருடைய காலில் இருக்கலாம் என்பதை நம் சமூகம் நெடுங்காலம் காலைப் பார்த்துத் தீர்மானிக்கவில்லை. சாதியைப் பார்த்தே தீர்மானித்தது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் மேலாடை அணிவதற்கும் குடை பிடிப்பதற்கும் தடை இருந்ததுபோலவே செருப்பணிந்து நடப்பதற்கும் தடை இருந்தது. பிள்ளையின் காலில் சப்பாத்தைக் கண்டதும் ஒரு தாய் நிமிர்ந்து நிற்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம். ‘எதற்கு இந்த வீண் ஆடம்பரம்’ என்று கேட்பவர்கள் இதை மறந்துவிடக்கூடாது.

எங்கள் ஊர் கடலோடிகளின் ஊர். இங்கே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் அத்திலாந்திக்கைக் கடந்து 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த செய்தியை வாசகர்கள் அறிவர். ஈரம் படிந்த கப்பல் தளத்தில் வெறுங்காலைப் போலப் பிடிப்புக் கொடுப்பது வேறொன்றில்லை என்று எங்கள் முதியவர்கள் சொல்வார்கள். அருகே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் அடியார்களும் வெறுங்காலுடனேயே நடக்கின்றனர். வெறுங்கால் எங்களுக்கு வறுமையின் அடையாளம் மட்டுமன்று. தொழிலும் பக்தியும்கூட அதில் உண்டு.

இறப்பர் அடியிட்ட மலிவான காலணி வந்த பின்னரே சாதாரண வீட்டுப் பிள்ளைகளின் காலில் ஏதேனும் ஏறியது. பிரேசிலிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட விதைகளில் முளைத்த இறப்பர்க் கன்றுகள் 1876 இல் இலண்டன் வழியாக ஹெனரத்கொடத் தாவரவியற் பூங்காவுக்கு வந்தன. 1894 இல் சிலின் என்ற ஊரில் தோமஸ் பாட்டா தொடங்கிய நிறுவனம், 1934 இல் கல்கத்தாவுக்கு அருகே பாட்டா நகரை உருவாக்கி, இந்தப் பிராந்தியமெங்கும் பரவியது. யார் செய்த இறப்பர்ச் செருப்பாயினும் யாழ்ப்பாணத்தில் அதற்கு இன்றும் ‘பாட்டா’ என்றுதான் பெயர்.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலத்தில்தான் நான் பள்ளிக்குப் போகத் தொடங்கினேன். உள்ளூரில் செய்த வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து ஒரு சோடி; அதுவும் விசேட நாள்களுக்கு. “வளருற பிள்ளை, இரண்டு அளவு கூட்டி எடுங்கோ” என்பது அம்மாவின் உறுதியான கொள்கை. முதல் வருடம் நுனியில் பத்திரிகைத் தாளைத் திணித்துக்கொண்டு நடந்தேன். இரண்டாம் வருடம் தாளை எடுத்தேன். மூன்றாம் வருடம் விரல்களை மடக்கிக்கொண்டு நடந்தேன். அழுக்குப் பட்ட இடத்தில் வெண்கட்டியைத் தேய்த்தால் சப்பாத்துப் புதிதாகிவிடும். மூன்று வருடங்களில் அது என் காலுக்குச் சரியாக இருந்தது சில மாதங்களே என்று இப்போது கணக்கிடுகிறேன்.

இந்த அளவு என்ற விடயமே விசித்திரமானது. ஆங்கிலேயரின் சப்பாத்து அளவு பார்லித் தானியத்தை அடிப்படையாகக் கொண்டது. மூன்று பார்லி மணிகள் ஓர் அங்குலம். ஆகவே ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையே அங்குலத்தின் மூன்றிலொரு பங்கு. பிள்ளைகளின் அளவு நான்கு அங்குலத்தில் பூச்சியமாகத் தொடங்கி 13 வரை போய், பின்னர் மீண்டும் 1 என்று பெரியவர்களின் அளவாகத் தொடங்கும். ஐரோப்பியக் கண்டத்து முறையில் ஒவ்வோர் அளவும் சென்ரிமீற்றரின் மூன்றில் இரண்டு பங்கு. இவ்விரு முறைகளிலும் அளவு என்பது சப்பாத்துச் செய்யும் அச்சின் நீளத்தை ஒட்டியது. காலின் நீளத்தை அன்று. அதனால்தான் ஒரே இலக்கத்தில் இரு நிறுவனங்களின் சப்பாத்து இருவிதமாக அமைகிறது. அகலத்தைப் பற்றி அந்த இலக்கம் எதுவும் சொல்வதில்லை.

மேலை நாடுகளும் இதில் தடுமாறியே வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இடம் வலம் என்ற வேறுபாடின்றி நேரச்சில் செய்த சப்பாத்துகளே அங்கும் பரவலாக இருந்தன. 1920களில் அமெரிக்காவின் சிரகியூஸ் நகரத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் பிரனொக், நீளத்தையும் அகலத்தையும் ஒருங்கே அளக்கும் உலோகத் தட்டை உருவாக்கினார். அதே காலத்தில் சப்பாத்துக் கடைகளில் எக்ஸ்-கதிர்ப் பெட்டிகளும் வந்தன. பிள்ளையின் காலைப் பெட்டிக்குள் விட்டு, சப்பாத்துக்குள் எலும்பு எப்படி இருக்கிறது என்று தாயும் கடைக்காரரும் எட்டிப் பார்ப்பார்கள். கதிர்வீச்சின் கேடு உணரப்பட்ட பின்னர், 1957 இல் பென்சில்வேனியா மாநிலம் அதைத் தடைசெய்தது. பிள்ளையின் காலுக்கு நல்லது செய்யப்போய் வந்த வினை அது.

இனி அந்தத் தாளுக்கு வருகிறேன். 1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. கடைத் தட்டுகள் வெறிச்சோடின. பழைய ரயரில் வெட்டிய செருப்பே எங்கள் வீட்டில் பலரின் காலணி. கொழும்புக்குப் போவதென்றால் இரவில் கிளாலிக் கடனீரேரியை வள்ளத்தில் கடக்கவேண்டும். அங்கே சுடப்பட்டு இறந்தவர்கள் பலர். ஊரிலிருந்து ஒருவர் அவ்வழியே புறப்பட்டார். மருமகனைத் தாளில் ஏற்றி நிறுத்தி, பாதத்தைச் சுற்றிக் கோடிழுத்தேன். வழியில் தொலைந்தாலும் ஒன்று இருக்கட்டும் என்று இரண்டு பிரதிகள் வரைந்தோம். ஒன்று போனது, மற்றது அலுமாரியில் தங்கியது.

சப்பாத்து வந்துசேர ஏழு மாதங்களாயின. கறுப்புத் தோல், உறுதியான தையல், அடியும் நல்ல அடி. வரைந்த அளவுக்கு இம்மியும் பிசகவில்லை. கால்தான் வளர்ந்துவிட்டது. அக்கா எதுவும் பேசவில்லை. இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் கத்தியை எடுத்து முன்பக்கத் தோலை வட்டமாக வெட்டினார். விரல்கள் வெளியே தெரிய அதைப் போட்டுக்கொண்டு மருமகன் பள்ளிக்குப் போனான். ஒருவர் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த பொருளை அளவில்லை என்று எறிந்துவிட எங்களால் முடியவில்லை. செய்தியாளனாக அக்காலத்தில் எத்தனையோ பெருந்துயரங்களை எழுதினேன். இதை எழுத எனக்குத் தோன்றவில்லை.

மருத்துவர்கள் சொல்வதைக் கேட்டால் அக்கா செய்தது முழுப் பிழையுமன்று. 1992 இல் மங்களூரைச் சேர்ந்த மருத்துவர்கள் உதய ராவ், பெஞ்சமின் ஜோசப் ஆகிய இருவரும் 2300 பிள்ளைகளின் பாதச் சுவடுகளை ஆராய்ந்து வெளியிட்டனர். காலணி அணிந்த பிள்ளைகளில் 8.6 வீதமானோருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலுடன் திரிந்தவர்களில் 2.8 வீதமே. விரல்களை மூடிய சப்பாத்து அணிந்தவர்களிடையேதான் அது கூடுதல். சிறுபிள்ளையின் பாதத்தில் பெரும்பகுதி குருத்தெலும்பு; அது முற்றாக எலும்பாவதற்குப் பதின்ம வயதின் இறுதி ஆகும். நெருக்கினால் வலிக்காமலே வளைந்துகொடுக்கும். பிள்ளை முறையிடவில்லை என்பதால் சப்பாத்து அளவானது என்று எண்ணுவது தவறு. அதேவேளை வெறுங்காலைப் போற்றிக்கொண்டும் இருக்கமுடியாது. வெறுங்காலின் வழியே ஏறும் கொழுக்கிப் புழுவால் மலையகத் தோட்டங்களில் எம்மக்கள் பட்ட பாடு பெரிது. அதற்கெதிராக 1916 இல் ரொக்பெல்லர் நிறுவனம் இலங்கையில் தனி இயக்கமே தொடங்கவேண்டியிருந்தது.

2022 இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் பாடசாலைச் சப்பாத்தின் விலை ஏழைப் பெற்றோரை மீண்டும் திகைக்க வைத்தது. அரசு மாணவர்களுக்கு வவுச்சர் வழங்கியது நல்ல காரியமே. ஆனால் வவுச்சர் விலையை அளக்கும், காலை அளக்காது. அதைப் பெற்றோரே செய்யவேண்டும். பிள்ளையை நிறுத்தி வைத்து அளக்கவேண்டும். இருந்தபடி அளந்தால் பாதம் சுருங்கியிருக்கும். மாலையில் அளப்பது நல்லது. இரு கால்களையும் அளந்து பெரியதற்கு வாங்கவேண்டும். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடைவெளி போதும். குதி வழுவக்கூடாது, சப்பாத்து விரல்கள் மடியும் இடத்தில் மடியவேண்டும், நடுவில் மடியக்கூடாது. அண்ணனின் சப்பாத்து அண்ணனின் காலுக்குப் படிந்தது. தம்பிக்கு அது ஆகாது. சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் பார்க்கவேண்டும்.

மருமகன் இப்போது ரொறொன்ரோவில் வசிக்கிறான். கடந்த விடுமுறைக்கு ஆறு வயது மகளுடன் ஊருக்கு வந்தபோது அந்தத் தாளை அவனிடம் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்திருந்தான். பின்னர் அதை நிலத்தில் விரித்து, மகளை அதன்மேல் ஏறி நிற்கச் சொன்னான். அவளுடைய பாதம் கோட்டுக்கு வெளியே ஒரு விரற்கடை நின்றது. “அப்பா, உங்கட கால் சின்னன்” என்று அவள் சிரித்தாள். அக்கா குசினிக்குள் எழுந்து போய்விட்டார்.