முஈதும் சட்டாம்பிள்ளையும்

கடலூர்ச் சாலையில், சுண்ணாம்பாற்றுப் பாலத்தை ஒட்டி அமைந்தது நோணாங்குப்பம். புதுவையை நோக்கிப் பேருந்தில் சென்ற ஒரு காலையில், அவ்வூர் நிறுத்தத்தில் இளம்பெண்கள் சிலர் இறங்கக் கண்டோம். கைகளில் சுருட்டிய படத்தாள்களும் பாடக் குறிப்பேடுகளும் இருந்தன. முக்காடிட்ட நம் சமுதாயப் பெண் ஒருத்தியும் அவர்களுள் இருந்தாள். தொடக்கக் கல்விப் பட்டயம் பயிலும் அவர்கள், பள்ளிக்கூடத்திலேயே சில வாரங்கள் இருந்து கற்பித்துப் பழகச் செல்கிறவர்கள் என்று அறிந்தோம்.

அருகிலிருந்த பெரியவர் ஒருவர், "பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாத்தியார் வேலை பழகுகிறார்களாம். இதென்ன புதுப் பழக்கம், ஹஜ்ரத்?" என்று நம்மிடம் கேட்டார். இது பழைய வழக்கம் என்பதை அவருக்கு எடுத்துரைக்கத் தொடங்குமுன் அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது. அவருக்குச் சொல்ல எண்ணியதையே ஈண்டு எழுதுகின்றோம்.

திண்ணையிலிருந்து மதரஸா வரை

மதீனாவின் மஸ்ஜிதுந் நபவியில் ஸுஃப்பா என்னும் நிழலிடம் ஒன்று இருந்தது. அங்குத் தங்கிக் கற்றோரைத் தமிழில் திண்ணைத் தோழர்கள் என்றே நாம் வழங்கி வருகின்றோம். நூலைப் படித்து அறிந்தவற்றை மட்டும் கொண்டு அவர்கள் ஆசான்களாகிவிடவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருகிலிருந்து, பார்த்துப் பழகியே கற்பிக்கும் தகுதி பெற்றனர்.

மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்களின் செய்தி இதற்குத் தெளிவான சான்றாகும். அவர்கள் தம் குலத்து இளைஞர் சிலருடன் மதீனா வந்து ஏறத்தாழ இருபது இரவுகள் தங்கினார்கள். இளைஞர்கள் தம் குடும்பத்தாரை நினைந்து ஏங்குவதை உணர்ந்த நாயகம் (ஸல்) அவர்கள், ஊர் திரும்பித் தம் மக்களுக்குக் கற்பிக்குமாறு அவர்களைப் பணித்தார்கள். தொழுகையைத் தாம் தொழக் கண்டவாறே நிறைவேற்றுமாறும் கூறினார்கள். கண்டு பழகுதல், பின்னர்ச் சென்று கற்பித்தல் என்னும் இரண்டும் இச்செய்தியில் ஒருங்கே அமைந்துள்ளன.

பிற்காலத்தில் மதரஸாக்கள் எழுந்தபோது இம்முறை ஒரு பதவியாகவே உருப்பெற்றது. 1067ஆம் ஆண்டில் பக்தாதில் திறக்கப்பட்ட நிஜாமிய்யா போன்ற கல்விக்கூடங்களில் முதர்ரிஸ் என்னும் தலைமை ஆசிரியருக்கு அடுத்த நிலையில் 'முஈத்' என்பவர் இருந்தார். மீண்டும் எடுத்துரைப்பவர் என்பது அச்சொல்லின் பொருள். ஆசிரியர் பாடம் நடத்தி எழுந்தபின், விளங்காதவர்களுக்கு அதை விளக்கிக் கூறுவது அவர் பணி. அவரும் மாணவரே; எனினும் கற்பிக்கப் பழகும் மாணவர். எட்டாம் ஹிஜ்ரி நூற்றாண்டினரான இமாம் தாஜுத்தீன் சுப்கீ (ரஹ்) அவர்கள், ஒவ்வொரு பதவிக்கும் உரிய கடமைகளைக் கூறுமிடத்தில், முஈதையும் தனியே எடுத்துப் பேசுகின்றார்கள். மற்ற மாணவர்களைப்போல் பாடம் கேட்பதோடு நிற்காமல், பிறருக்கு விளங்கச் செய்வதும் அவர்மீது கடமை என்பது அவர்கள் கருத்து.

நம் மதரஸாக்களில் 'மின்ஹாஜ்' ஓதியோர் இமாம் நவவீ (ரஹ்) அவர்களை அறியாதிருக்க மாட்டார்கள். ஹிஜ்ரி 649இல், பத்தொன்பது வயது இளைஞராக அவர்கள் திமிஷ்கு நகருக்குக் கற்க வந்தார்கள். அவர்களுடைய உழைப்பைக் கண்டு நெகிழ்ந்த ஆசிரியர் இஸ்ஹாக் அல்மஃரிபீ (ரஹ்) அவர்கள், தம் பாடவட்டத்தில் பெரும்பாலோர்க்கு முஈதாக அவர்களை அமர்த்தினார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் அப்பேரறிஞரும் ஆசிரியரின் கண்முன்னே கற்பித்துப் பழகியவர்கள்தாம்.

மணலில் கிடைத்த பாடம்

நம் தமிழகத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இவ்விடத்தைப் பெற்றிருந்தவன் சட்டாம்பிள்ளை. அண்ணாவி ஒருவரே பல படிநிலைப் பிள்ளைகளுக்கும் பாடம் சொல்ல வேண்டியிருந்தமையால், மூத்த மாணவன் இளையோரை மணலில் எழுத்து எழுதப் பழக்குவான். முறை சொல்லிக் கொடுப்பான்.

இக்காட்சிதான் ஐரோப்பியர் ஒருவரின் கண்ணில் பட்டு உலகைச் சுற்றி வந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், 1789இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்திற்குப் பொறுப்பேற்றார். ஒரு காலை குதிரைமீது செல்லும்போது, உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தம் இல்லத்திலும் அவ்வாறே செய்யுமாறு ஆசிரியர்களுக்கு ஆணையிட்டார். அவர்கள் அதை இயலாத செயல் என்று தள்ளிவிட்டனர். பெல் தயங்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்கள் மறுத்ததை அச்சிறுவன் செய்து காட்டினான்.

1796இல் தாயகம் திரும்பிய பெல், மறு ஆண்டு இலண்டனில் இதை நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்றே அதற்குப் பெயர் வழங்கியது. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதையொத்த முறையை இலண்டனில் நடத்திப் பரப்பினார். 1814 ஜூன் 3ஆம் நாள் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் இந்தியாவுக்கு எழுதிய மடலில், இந்நாட்டு ஆசான்களின் முறை பெல் வழியாக இங்கிலாந்தில் ஏற்கப்பட்டதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டனர். பெல்லின் கொடையால் அவர் பிறந்த செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளி, இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்னும் பெயர் தாங்கி நிற்கின்றது. மணலில் எழுதிய நம் பிள்ளைகளின் பெயரையோ அவர்தம் அண்ணாவியின் பெயரையோ எவரும் எழுதி வைக்கவில்லை.

மலிவின் விலை

ஆயினும் கடல் கடந்து சென்ற அம்முறையில் ஒரு குறை நேர்ந்தது. ஓர் ஆசிரியரே ஆயிரம் பிள்ளைகளை நடத்தலாம் என்று லங்காஸ்டர் முழங்கியபோது, செலவு குறைவதே பலருக்கும் பெரிதாகத் தோன்றியது. கற்பிக்கும் சிறுவனுக்கு யார் கற்பிப்பது என்ற வினா பின்னே தள்ளப்பட்டது. தான் மனப்பாடம் செய்ததை அவன் ஒப்பித்தான், கேட்டவர்களும் ஒப்பித்தனர்.

அதே காலத்தில் சென்னை ஆளுநராயிருந்த தாமஸ் மன்றோ, 1822இல் மாகாணம் முழுவதிலும் பள்ளிக் கணக்கெடுக்கச் செய்தார். 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். 1826 மார்ச்சில் எழுதிய குறிப்பில், கல்வியின் தாழ்நிலைக்குக் காரணங்களைக் கூறுமிடத்து, ஆசிரியருக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்குமேல் கிடைப்பதில்லை என்றும், தகுதியுடையோர் இத்தொழிலை நாட அது போதாதென்றும் அவர் எழுதினார். ஆசிரியர்களைப் பயிற்றச் சென்னையில் ஒரு பள்ளியும், ஒவ்வொரு மாவட்டத்திலும் இந்துக்களுக்கு ஒன்றும் முஸ்லிம்களுக்கு ஒன்றுமாகத் தலைமைப் பள்ளிகளும் வேண்டும் என்பது அவர் திட்டம். மறு ஆண்டே அவர் காலமானார். அவர் எண்ணிய அளவில் அது நிறைவேறவில்லை.

இங்கிலாந்து தன் பிழையை 1846இல் திருத்த முற்பட்டது. கே-ஷட்டில்வொர்த் என்னும் கல்வி அலுவலர் வகுத்த திட்டப்படி, பதின்மூன்று வயது நிரம்பிய மாணவர் ஐந்தாண்டுகள் பள்ளியிலேயே 'மாணவ ஆசிரியராக' இருந்தனர். பகலில் கற்பித்தனர், நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் தலைமையாசிரியரிடம் தாமும் கற்றனர். முதலாண்டில் 10 பவுன் முதல் ஐந்தாம் ஆண்டில் 20 பவுன் வரை அவர்களுக்கு ஊதியம். பயிற்றுவித்த தலைமையாசிரியருக்கும் தனியே தொகை. ஆண்டுதோறும் ஆய்வாளர் தேர்வு வைத்தார். சிறந்தோர் உதவித்தொகை பெற்றுப் பயிற்சிக் கல்லூரி சென்றனர். பெல்லின் முறையில் விடுபட்டிருந்த ஆசிரியர் இங்கே தம் இடத்தை மீண்டும் பெற்றார்.

பிரான்சு வேறு வழியை நாடியது. 1833ஆம் ஆண்டின் கிஸோ சட்டம், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று விதித்தது. முதலில் தனிப்பள்ளியில் பயில்வது, பின்பு வகுப்பில் நிற்பது என்பது அதன் நெறி. இங்கிலாந்தும் இருபதாம் நூற்றாண்டில் பயிற்சிக் கல்லூரிகளையே பெரிதும் நம்பியது. 1993 முதல் மீண்டும் பள்ளிகளையே மையமாகக் கொண்ட பயிற்சிக்கு இடமளித்தது. நம் நாட்டில் ஈராண்டுப் பட்டயப் படிப்பும் வகுப்பறையில் பழகுவதும் இணைந்துள்ளன. பிரெஞ்சு ஆட்சி 1954இல் நீங்கிய புதுவையின் ஒரு சிற்றூரில் அந்த இளம்பெண்கள் பேருந்தை விட்டு இறங்கியதன் பின்னே இத்தனை வரலாறு உள்ளது.

நம் மக்தபுகளின் நிலை

இனி நம் வீட்டைப் பார்ப்போம். காலையும் மாலையும் நம் பிள்ளைகள் ஓதச் செல்லும் மக்தபுகளில் பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்கு ஓதிக் கொடுப்பது இன்றும் உண்டு. முஈதின் உருவம் அங்கே நிலைத்திருக்கின்றது. ஆனால், ஸனது பெற்று வெளிவரும் இளைஞருக்குக் கற்பிக்கும் கலையைப் பழக்குவோர் யார்? ஏழாண்டுகள் நஹ்வும் ஸர்ஃபும் ஃபிக்ஹும் ஓதிய அவரை, ஒரு நாளும் பிள்ளைகள்முன் நிறுத்திப் பார்க்காமல், அறுபது குழந்தைகளிடம் ஒப்படைத்து விடுகின்றோம்.

நாமும் அவ்வாறே ஒப்படைக்கப்பட்டவர்தாம். பத்தொன்பது வயதில் ஓர் ஊரில் பொறுப்பேற்றோம். 'ஹா' என்னும் இரு எழுத்துகளின் ஒலியைப் பிரித்துச் சொல்ல இயலாத சிறுவன் ஒருவன் இருந்தான். தொண்டையில் ஒலி பிறக்கும் இடத்தைக் காட்டிக் கொடுக்கும் வகை நமக்குத் தெரியவில்லை. பிரம்பைத் தான் தெரிந்திருந்தது. அவன் ஓத வருவதை நிறுத்திவிட்டான். பல ஆண்டுகள் கழித்து, தன் மகனைக் கைப்பிடித்து அழைத்து வந்து, "இவனை அடிக்காமல் ஓதிக் கொடுங்கள், ஹஜ்ரத்" என்றான். அவன் முகத்தில் கோபம் இல்லை. அதுவே நம்மை அதிகம் வருத்தியது. தஜ்வீது நூலில் மக்ரஜ்களை வரிசையாக ஒப்பித்த நமக்கு, அதைக் குழந்தைக்குச் சொல்லும் முறையை ஓராண்டு ஒரு மூத்த உஸ்தாதின் அருகிலிருந்து பழகியிருந்தால், அச்சிறுவன் குர்ஆனை ஓதாமல் வளர்ந்திருக்க மாட்டான்.

ஜமாஅத்தாருக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. பெரிய மக்தபுகளில் முஈத் பதவியை மீண்டும் ஏற்படுத்துங்கள். ஸனது பெற்ற இளைஞரை ஓராண்டேனும் அனுபவமுள்ள உஸ்தாதிடம் அமர்த்துங்கள். முதலில் அவர் பார்க்கட்டும். பின்பு உஸ்தாதின் முன்னிலையில் ஒரு சிறு வகுப்பை நடத்தட்டும். அதன்பின் தனியே நிற்கட்டும். அந்த ஓராண்டுக்கும் வாழ்க்கைக்குப் போதிய ஊதியம் கொடுங்கள். பயிற்றும் உஸ்தாதின் உழைப்புக்கும் மதிப்பளியுங்கள். மலிவை நாடி இலண்டனில் நேர்ந்ததையும், குறைந்த ஊதியம் பற்றி மன்றோ எழுதியதையும் வரலாறு நம்முன் வைத்திருக்கின்றது. பெண்பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஆலிமாக்களுக்கும் இதே ஏற்பாடு வேண்டும். பட்டயப் படிப்பு முடித்த நம் பெண்கள் பல ஊர்களில் உள்ளனர். பாடக் குறிப்பு எழுதும் முறையை அவர்களிடமிருந்து கற்றுக்கொள்வதில் ஆலிம்களுக்கு இழுக்கில்லை.

நோணாங்குப்பத்தில் இறங்கிய அந்தப் பெண், தான் செய்யும் பிழைகளை உடனிருந்து திருத்த ஓர் ஆசிரியரை உடையவள். நம் மக்தபின் இளம் உஸ்தாதுக்கும் அப்படி ஒருவர் வாய்க்கட்டும். அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன்.