பாக்கு நீரிணையின் நீச்சல் வரலாறு

இலங்கையின் வடகரைக்கும் தமிழகத்துக்கும் இடைப்பட்ட கடலை நீந்திக் கடந்தவர்களைப் பற்றி எழுதுவோர், இரு வேறு பாதைகளை ஒன்றெனக் கொண்டு மணிக்கணக்குகளை ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரைக்கும் கோடிக்கரைக்கும் இடையில் ஏறத்தாழ 50 கிலோமீற்றர் அகலத்தில் திறந்து கிடப்பதே புவியியலாளர் பாக்கு நீரிணை எனக் குறிப்பிடும் பகுதி. தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் பிரிக்கும் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீர்ப்பரப்போ, ஆதாம் பாலம் எனப்படும் மணல்திட்டு வரிசையை ஒட்டியது. பாக்கு விரிகுடாவுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையில் இத்திட்டுகளின் ஊடாக நீர் ஏறியிறங்குவதால், இங்கு நீந்துபவரை நீரோட்டம் பக்கவாட்டில் இழுக்கும்.

நீண்ட பாதையை முதலில் நீந்திக் கடந்தவர் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி ஆவார். அவர் 1954இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரையை அடைந்தார். இச்சாதனை இக்கரையில் பிறந்தது தற்செயலன்று. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்மரக் கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, அவ்வூர்க் கடலோடிகளுடன் சுயஸ் கால்வாய் வழியாகச் சென்று 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்திருந்தது. வடகிழக்கிலிருந்து வீசும் வாடை ஓய்ந்து, தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் எழுவதற்கு முன் வாய்க்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களின் அமைதியை இக்கரையோர மக்கள் தொழில்வழி அறிந்திருந்தனர். பின்வந்த நீச்சல்களிற் பெரும்பாலானவை இந்த இடைவெளியிலேயே நிகழ்ந்தன.

கல்கத்தாவைச் சேர்ந்த பாரிஸ்டர் மிஹிர் சென், ஆங்கிலக் கால்வாயில் பலமுறை தோற்றுப் பின் 1958 செப்ரெம்பரில் அதனைக் கடந்தவர். 1966 ஏப்ரல் 5, 6ஆம் திகதிகளில் இந்தியக் கடற்படையின் துணையுடன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடத்தில் நீந்தினார். அவர் கரையேறிய ஊர், 1964 டிசம்பர்ப் புயலில் ரயில் நிலையத்தையும் குடியிருப்புகளையும் இழந்து வெறுமையாகிக் கிடந்தது.

இவ்வரலாற்றின் மையத்தில் நிற்பவர் வல்வெட்டித்துறையில் 1943இல் பிறந்த சட்டத்தரணி வி. எஸ். குமார் ஆனந்தன். தமிழர் அவரை ஆழிக்குமரன் என அழைத்தனர். 1971இல் அவர் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சென்று திரும்பிய இருவழி நீச்சலுக்கு 51 மணி நேரம் எடுத்தது. நெடுங்கடல் நீச்சலின் விதிப்படி நீந்துபவர் துணைப் படகைத் தொடலாகாது. கோலின் நுனியிலோ கயிற்றிலோ தாழ்த்தித் தரப்படும் பானத்தை மிதந்தபடியே அருந்த வேண்டும். உப்பினால் நாக்குத் தடிக்கும்; கழுத்திலும் அக்குளிலும் தோல் உராய்ந்து புண்ணாகும்; சொறிமுட்டைகள் சுணைக்கும். இரண்டாம் இரவில் இவற்றுடன் தூக்கமும் சேர்ந்துகொள்ளும். ஆனந்தனின் தனித்திறன் வேகத்தில் அன்று, இந்தத் தூக்கத்தை வெல்வதில் இருந்தது என்பதற்கு அவரது பிற சாதனைகளே சான்று. 1979 மே மாதத்தில் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றித் துவிச்சக்கரவண்டியில் 187 மணி 28 நிமிடம் ஓடினார். 1981இல் சென்னை அண்ணா நீச்சல் தடாகத்தில் 80 மணி நேரம் காலுதைத்து நீரில் நின்றார்.

ஆயினும் இவையெல்லாம் வெப்பமண்டலத்தின் சாதனைகள். பாக்கு நீரிணையில் மார்ச், ஏப்ரல் மாதங்களின் நீர் 28 பாகை செல்சியசுக்குக் குறைவதில்லை எனலாம். அங்கு உடலை வருத்துவன வெயிலும் நீரிழப்பும். ஆகஸ்டிலும் ஆங்கிலக் கால்வாயின் நீர் 16 முதல் 18 பாகைதான். உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழிறங்கும் தாழ்வெப்ப நிலையில் முதலில் தளர்வது கைகள் மட்டுமல்ல, நிலைமையை உணரும் அறிவும் ஆகும். விழித்திருக்கும் பயிற்சி இதற்குக் காப்பாவதில்லை. ஆனந்தன் 1984 ஆகஸ்ட் 6ஆம் திகதி அக்கால்வாயைக் கடக்கும் முயற்சியில், 41ஆவது வயதில், உயிரிழந்தார். அம்மரணத்தை மனவுறுதியின் குறைவாகவோ விதியின் கொடுமையாகவோ எழுதுவது பொருத்தமற்றது. ஒரு கடலில் பெற்ற பழக்கம் இன்னொரு கடலில் செல்லுபடியாவதில்லை என்பதே அதிலிருந்து அறியத்தக்கது.

பின்னர் பாதை இளையோருக்குத் திறந்தது. தமிழகத்தின் குற்றாலீஸ்வரன் 1994இல் பாக்கு நீரிணை உட்பட ஆறு நீர்ப்பரப்புகளைச் சிறுவயதிலேயே கடந்தார். ஆட்டிசம் உள்ள இந்தியச் சிறுமி ஜியா ராய் 2022 மார்ச்சில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடியின் அரிச்சல்முனைக்கு 13 மணி 10 நிமிடத்தில் நீந்தினார். இலங்கை விமானப்படையின் ரொஷான் அபேசுந்தர 2021 ஏப்ரலில் இருவழித் தூரத்தை 28 மணி 19 நிமிடத்தில் முடித்து, ஆனந்தனின் அரைநூற்றாண்டுச் சாதனையை முறியடித்தார்.

பதிவேடுகள் கரையேறிய நேரத்தை மட்டுமே காக்கின்றன. பாதியில் படகேறியவர்களின் கணக்கும், வழிகாட்டிய ஓட்டிகளின் நினைவுகளும், நீரோட்டக் குறிப்புகளும் அவற்றில் இடம்பெறுவதில்லை. வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு, மன்னார் ஆகிய ஊர்களின் வீடுகளில் அத்தகைய குறிப்புகளோ படங்களோ இருப்பின், அவற்றை உரியவர்கள் நூலகங்களிடம் ஒப்படைக்க முன்வர வேண்டும்.