உயிரணுக்களின் உறவாடல்

"பாட்டனின் குணம் அவன் இரத்தத்திலேயே ஊறியிருக்கிறது" என்று நம் ஊர்ப்புறங்களில் சொல்வதுண்டு. இன்று இரத்தம் இருந்த இடத்தில் மரபணு வந்து அமர்ந்துவிட்டது. உடலின் வடிவம் முழுவதும் மரபணுவில் எழுதப்பட்ட கட்டளை என்றே நாமும் நம்பிப் பழகிவிட்டோம். ஆயினும் நம் கண்ணிலுள்ள உயிரணுவும் ஈரலிலுள்ள உயிரணுவும் ஏறத்தாழ ஒரே மரபணுக்களையே கொண்டுள்ளன. அவ்வாறாயின் ஒன்று கண்ணாகவும் மற்றொன்று ஈரலாகவும் ஆவது எதனால்?

இக்கேள்விக்கு விடை தேடிய ஜெர்மானியர் வில்ஹெல்ம் ரூ, 1888-ஆம் ஆண்டு, இரண்டாகப் பிரிந்திருந்த தவளைக் கருவின் ஓர் உயிரணுவைச் சூடேற்றிய ஊசியால் குத்திக் கொன்றார். எஞ்சியது அரைக் கருவாகவே வளர்ந்தது. ஒவ்வோர் உயிரணுவும் மரபுச் செல்வத்தில் தனக்குரிய பங்கை மட்டுமே பெறுகிறது என அவர் முடிவு கட்டினார். பாகப்பிரிவினை போன்ற இக்கொள்கை மூன்றாண்டுகளே நிலைத்தது. 1891-இல் ஹான்ஸ் டிரீஷ் என்பார், முள்ளுருண்டை போன்ற கடல் முள்ளெலியின் இரு உயிரணுக் கருவைக் குலுக்கிப் பிரித்தபோது, தனித்த ஒவ்வொன்றும் சிறியதேனும் முழுமையான இளவுயிரியாக வளர்ந்தது. வியப்பு மேலிட்ட டிரீஷ் பின்னர் ஆய்வுக்கூடத்தை விட்டுத் தத்துவத்துக்குச் சென்று, உயிர்களை இயக்கும் தனியோர் ஆற்றல் உண்டென எழுதினார். சமய நெஞ்சினர் சிலருக்கு இது இனித்திருக்கலாம். ஆயினும் புரியாத இடத்திலெல்லாம் ஒரு மறைபொருளை வைத்து நிரப்புவது அறிவுக்கும் அழகன்று, நம்பிக்கைக்கும் அழகன்று என்பதே நம் கருத்து.

ரூவின் தவளை மட்டும் ஏன் பாதியாயிற்று? 1910-இல் மெக்கிளெண்டன் என்னும் அமெரிக்கர், இரண்டில் ஓர் உயிரணுவைக் கொன்று விட்டுவைக்காமல் அறவே அகற்றிப் பார்த்தார். மற்றது முழுத் தவளைக் கருவாக வளரத் தொடங்கியது! அருகில் ஒட்டியிருந்த பிணமே உயிரோடிருந்த அணுவைப் பாதியாக நிறுத்தியிருந்தது. செத்த அயலாரும் உயிரணுவுக்கு அயலாரே.

அயலாரின் ஆற்றல் எத்துணை என்பதை உலகுக்குக் காட்டியவர் ஓர் இளம்பெண். ஜெர்மனியின் பிரைபுர்க் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் ஸ்பேமன் என்னும் பேராசிரியரிடம் ஆய்வு மாணவியாக இருந்த ஹில்டே மாங்கோல்டு அவர். நியூட் என்பது பல்லி போன்ற தோற்றமும் தவளைக்கு உறவும் உடைய நீர்வாழ் உயிர். அதில் ஓரினத்தின் கரு வெளிறியது. மற்றோரினத்தின் கரு பழுப்பு நிறமுடையது. வெளிறிய கருவில், முதுகுப்புறம் தோன்றவிருக்கும் பக்கத்தில், உதடு போன்றதொரு மடிப்பு உண்டு. அதிலிருந்து ஒரு சிறு துணுக்கை எடுத்துப் பழுப்புக் கருவின் வயிற்றுப்புறத்தில் ஒட்டினார் ஹில்டே. கருவிகள் நுண்ணிய கண்ணாடி ஊசியும் குழந்தையின் தலைமுடியாற் செய்த கண்ணியுமே. நோய்க்கிருமிகளைத் தடுக்கும் இன்றைய மருந்துகள் அன்றில்லை. கருக்கள் பலவும் மடிந்தன. தேறியவை சிலவே. அவற்றில் வயிற்றோடு வயிறு ஒட்டியவாறு இரண்டாவதொரு கரு எழுந்து நின்றது!

அதினும் வியப்பு, நிறத்தைக் கொண்டு அறிந்த செய்தி. அவ்விரண்டாம் கருவின் நரம்புக் குழாய் பெரும்பாலும் பழுப்பு அணுக்களால் ஆனது. வயிற்றுத் தோலாகியிருக்க வேண்டிய அணுக்கள், வந்த விருந்தாளியின் சொற்கேட்டு முதுகந்தண்டும் நரம்புமாயின. அவற்றின் மரபணுக்கள் மாறவில்லை, அண்டை மாறியது. ஒட்டப்பட்ட துணுக்குக்கு ஸ்பேமன் 'அமைப்பாளர்' எனப் பெயரிட்டார்.

ஆய்வுக் கட்டுரை 1924-இல் வெளிவந்தது. ஸ்பேமனின் பெயர் முதலிலும் ஹில்டேயின் பெயர் பின்னும் அச்சாயின. அவ்வாண்டு செப்டம்பரிலேயே, கைக்குழந்தையின் தாயாக இருந்த ஹில்டே, வீட்டில் நேர்ந்த தீ விபத்தில் இறந்தார். வயது 25. நோபல் பரிசு 1935-இல் ஸ்பேமனுக்கு மட்டுமே கிடைத்தது.

இதனால் மரபணு வெறும் பார்வையாளர் என்று நாம் எண்ணிவிடலாகாது. 1932-இல் ஸ்பேமனும் ஷோட்டே என்பாரும் தவளைக் கருவின் வயிற்றுத் தோலை நியூட் கருவின் வாய்ப்பகுதியில் ஒட்டினர். அயலணுக்கள் 'வாயாகு' என்றன, தோலும் வாயாயிற்று. ஆனால் அது நியூட்டின் வாயன்று, தலைப்பிரட்டையின் வாய்! ஏவியது அண்டை, ஏவலைத் தன் பரம்பரை அறிந்த வகையில் நிறைவேற்றியது அணு. ஒன்றை விட்டு ஒன்றில்லை.

அமைப்பாளரின் சொல் எப்பொருளால் ஆனது என்பது மட்டும் எழுபது ஆண்டுகளாகப் பிடிபடவில்லை. கொன்ற திசுவும் அவ்வேலையைச் செய்யக் கண்டு ஆய்வாளர் குழம்பினர். 1990-களில்தான் நாகின், கார்டின் முதலிய புரதங்கள் அகப்பட்டன. அவை 'நரம்பாகு' என்று ஏவவே இல்லை. அக்கம்பக்கத்து அணுக்கள் ஓயாமல் 'தோலாகு, தோலாகு' என்று ஒன்றையொன்று ஏவிக்கொண்டிருக்கின்றன. அமைப்பாளரின் புரதங்கள் அக்குரலை மறித்து நிற்கின்றன. மறிக்கப்பட்ட இடத்தில் அணுக்கள் தாமாகவே நரம்பாகின்றன.